அடங்காத் தமிழர் சுந்தரலிங்கம்



1948ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆந் திகதி. கொழும்பிலே, காலிமுகத்தில் கடலை நோக்கி நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டிடத்தில், இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமை மசோதா இரண்டாம் வாசிப்புக்கு வந்திருந்தது. இலங்கை சுதந்திரம் பெற்று அப்பொழுது பத்து மாதங்களே ஆகியிருந்தன. மசோதாவைக் கொண்டுவந்தது டி. எஸ். சேனநாயக்கா அவர்களின் அரசாங்கம். அந்த அரசாங்கத்தின் மந்திரிகளுள் ஒருவரே விவாதத்தின்போது தம் ஆசனத்தைவிட்டு எழுந்து சபையினின்றும் வெளியேறினார். பிரதம மந்திரி விளக்கங் கேட்டார். விளக்கத்திற்குப் பதிலாகச் சென்றது இராஜினாமாக் கடிதம்.

அந்த மந்திரிதான் செல்லப்பா சுந்தரலிங்கம். சுதந்திர இலங்கையின் முதலாவது வர்த்தக வாணிப மந்திரி. வவுனியாத் தொகுதியின் பாராளுமன்ற அங்கத்தவர். அதற்கு முன்பு பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக இருந்தவர். இவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மிற் பலர் ஒரு கதையோடு நிறுத்திக்கொள்வதுண்டு. சிலருக்கு அவர் மலைநாட்டுத் தமிழருக்காகப் பதவி துறந்தவர். சிலருக்கு ஈழம் என்ற கோரிக்கையை முதன்முதலில் உரத்துச் சொன்னவர். வேறு சிலருக்கோ, மாவிட்டபுரம் கோயில் வாசலில் வழிமறித்து நின்றவர். இம் மூன்றும் ஒரே மனிதர் செய்தவை. ஆகையால் மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே நியாயமாகும்.

டிசம்பர் 10ஆந் திகதியைப் பற்றி ஒரு சிறு செய்தி. பாரிஸ் மாநகரத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டதும் அதே தினத்திலேதான். ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியாக இருக்கும் உரிமை உண்டென்று அப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை அப்பொழுது ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை; அது 1955இலேதான் கிடைத்தது. இரண்டு நகரங்களில் ஒரே நாளில் நிகழ்ந்த இவ்விரு விவாதங்களுக்குந் தொடர்பு ஒன்றுமில்லை. என்றாலும், திகதிகளைப் புரட்டிப் பார்க்கும்போது இதனைக் கவனியாது கடந்து செல்ல முடியவில்லை.

சுந்தரலிங்கம் 1895ஆம் ஆண்டு உரும்பராயைச் சேர்ந்த ஒரு குடும்பத்திற் பிறந்தார். சகோதரர் பெயர்கள் யாவும் 'லிங்கம்' என்று முடிவன. அவருள் நாகலிங்கம் உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கினார். தியாகலிங்கம் பெயர்பெற்ற வழக்கறிஞர். சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துப் பரியோவான் கல்லூரியிலும், கொழும்பு சூசையப்பர் கல்லூரியிலும் பயின்று, பின்னர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியிற் கணிதம் கற்று முதல் வகுப்பிலே தேறியவர். சிவில் சேவையிற் சேர்ந்தார். அக் காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் மகனுக்கு வேண்டக்கூடிய உச்சப் பதவி அது. அவரோ அதில் நெடுங்காலம் இருக்கவில்லை. பதவியை உதறிவிட்டு, கொழும்பு ஆனந்தாக் கல்லூரியின் உப அதிபரானார். பௌத்த மறுமலர்ச்சியின் பாசறையாக இருந்த அக் கல்லூரியில் ஒரு சைவத் தமிழர் உப அதிபராக இருந்தார் என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். அந் நாளில் அது அத்துணை வியப்பாகத் தோன்றவில்லை. சிங்களத் தலைவர்களோடு அவருக்கிருந்த நெருக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1940ஆம் ஆண்டளவில் அதனையும் விட்டார். பதவிகளை ஏற்பதிலும் பார்க்க அவற்றைத் துறப்பதில் அவருக்கு ஒரு தனிப் பிரியம் இருந்ததோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

ஆனால், பேராசிரியராக இருந்த காலத்திலேயே அவர் பெயர் ஓர் அரசியல் விவகாரத்தில் அடிபட்டது. அதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

டொனமூர் அரசியற் றிட்டத்தின் கீழ் அமைந்த அரசாங்க சபையிலே, மக்களாற் றெரிவுசெய்யப்பட்டோர் 50 பேர். நியமன அங்கத்தவர் 8 பேர். இவர்கள் யாவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்திருப்பர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிந்துகொள்ளும். அத் தலைவரே மந்திரி. 1931ஆம் ஆண்டு அமைந்த முதல் மந்திரி சபையில் இந்தியத் தமிழராகிய பெரி சுந்தரமும் முஸ்லிமாகிய மாக்கான் மாக்காரும் இடம்பெற்றனர். கட்சிகள் இல்லாத சபையில், குழுக்கள் எவ்வாறு அமைகின்றனவோ அதைப் பொறுத்தே மந்திரிகள் அமைவர்.

1936ஆம் ஆண்டு இரண்டாவது அரசாங்க சபை கூடியது. இம் முறை ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே வந்தனர். ஜயதிலக்கா, சேனநாயக்கா, பண்டாரநாயக்கா, கன்னங்கரா, கொத்தலாவலை, கொரெயா, டபிள்யூ. ஏ. டி சில்வா என்னும் எழுவர். இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. இதன் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கமே என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியிருக்கின்றனர்.

கணக்கு மிக எளிது. சபையின் அங்கத்தவர்களை ஏழு குழுக்களாகப் பிரித்தால் ஒரு குழுவில் எட்டுப் பேர் வரையில் வருவர். எட்டுப் பேரில் ஐவர் பெரும்பான்மை. ஏழு குழுக்களுக்கு முப்பத்தைந்து பேர் போதும். சிங்கள அங்கத்தவர் தொகையோ முப்பத்தைந்திற்கு மேற்பட்டது. அவர்கள் தத்தம் விருப்பம்போலச் சிதறாமல், குழுவொன்றுக்கு ஐவராவது இருக்கத்தக்கதாகப் பரவி அமர்ந்துவிட்டால், வேறு எவரும் எந்தக் குழுவிலும் தலைவராக முடியாது. பள்ளிக்கூட மாணவனே போடக்கூடிய கணக்குத்தான். ஆனால், அதனை அரசியலிற் பிரயோகிக்கலாம் என்று காண்பதற்கு ஒரு குறிப்பிட்ட விதமான மூளை வேண்டும்.

ஒரு தமிழர் எதற்காக இப்படிச் செய்தார்? அக் காலத்துத் தலைவர்கள் கூறிய நியாயம் இது: மந்திரி சபை ஒருமனமாக நின்று கேட்டாலொழிய, அரசியற் சீர்திருத்தங்களை வெள்ளையர் தரமாட்டார், சிறுபான்மையினர் ஒருவர் மாறுபட்டு நின்றாலும் தேசாதிபதி அதனையே சாட்டாக்குவார், ஆகவே ஒரே மனமுள்ள எழுவர் வேண்டும். சுதந்திரத்தை விரைவில் அடைவதற்குக் குறுக்கு வழி என்று அதை நம்பியவர் பலர். சுந்தரலிங்கமும் நம்பியிருக்கக்கூடும். ஒன்றை மட்டும் சொல்லலாம். கணக்கிலே ஐந்து என்பதும் ஐந்துதான், முப்பத்தைந்து என்பதும் முப்பத்தைந்துதான். ஆனால் அரசியலில், ஒருமுறை பெரும்பான்மை இனம் தன் தொகையைக் கொண்டு யாவரையும் விலக்கிவிட முடியும் என்று கண்டுகொண்டால், அந்த அறிவை அதனிடமிருந்து திரும்பப் பெற முடியாது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோரிக்கைக்கு, இந்த 1936ஆம் ஆண்டு மந்திரி சபையைவிடச் சிறந்த வாதம் கிடைத்திருக்க முடியாது. 1942இல் சேர். பாரன் ஜயதிலக்கா விலகியபின் அ. மகாதேவா உள்நாட்டு மந்திரியாகும் வரையில் அந்தச் சபையில் தமிழர் ஒருவரும் இருக்கவில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு வருவோம். சோல்பரி அரசியற் றிட்டத்தின் கீழ் நடந்த முதலாவது தேர்தல். யாழ்ப்பாணத்தில் தமிழ்க் காங்கிரசின் கொடி பறந்தது. சுந்தரலிங்கம் எந்தக் கட்சியையுஞ் சாராமல் வவுனியாவிலே சுயேச்சையாக நின்று வென்றார். வன்னிக்கு அடங்காப்பற்று என்று பழைய பெயர் ஒன்றுண்டு. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் எளிதிலே தலைவணங்காத வன்னியர்களின் நிலம் அது. அடங்காப்பற்றின் பிரதிநிதி தம்மை அடங்காத் தமிழன் என்று சொல்லிக்கொண்டார். நாளடைவில் அப் பெயரே அவருக்கு நிலைத்தது.

அத் தேர்தலில் 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42. பெரும்பான்மைக்குச் சுயேச்சை அங்கத்தவரின் துணை தேவைப்பட்டது. தமிழரும் அரசாங்கத்தில் இருக்கின்றனர் என்று உலகுக்குக் காட்ட வேண்டிய தேவையும் சேனநாயக்கா அவர்களுக்கு இருந்தது. மன்னார்ச் சிற்றம்பலம் தபால் தந்தி மந்திரியானார். வவுனியாச் சுந்தரலிங்கம் வர்த்தக மந்திரியானார். இருவரும் கட்சி சாராதவர்.

வர்த்தக மந்திரி பதவி அந் நாளில் இலேசானதன்று. யுத்தம் முடிந்து இரண்டாண்டுகளே சென்றிருந்தன. அரிசியும் மாவும் சீனியும் இன்னும் கூப்பனுக்குத்தான். தேயிலை, இறப்பர், தென்னை ஆகிய மூன்றையும் விற்று, உண்ணும் சோற்றையும் உடுக்கும் துணியையும் கடல் கடந்து வாங்கிய நாடாக இருந்தது இது. ஏற்றுமதி பெரும்பாலும் ஆங்கிலேய ஏஜென்சிக் கம்பனிகளின் கையில். புறக்கோட்டை மொத்த வியாபாரம் பெரும்பாலும் இந்திய வர்த்தகரின் கையில். இலங்கையர் கைக்கு வர்த்தகம் வரவேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்துகொண்டிருந்தது. ஆயினும் பதினைந்து மாதங்கூட நிரம்பாத பதவிக் காலத்தில் ஒரு துறையின் போக்கை மாற்றிவிடல் எவர்க்கும் அரிது. அவருக்குப்பின் அப் பதவிக்கு வந்த எச். டபிள்யூ. அமரசூரியாவும், சீனத்தோடு இறப்பர் அரிசி ஒப்பந்தஞ் செய்த ஆர். ஜீ. சேனநாயக்காவுமே வர்த்தக மந்திரிகளாக நீண்டநாள் நினைக்கப்படுகின்றனர். சுந்தரலிங்கம் நினைக்கப்படுவது பதவியில் இருந்ததற்காகவன்று, அதைவிட்டுச் சென்றதற்காக.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கின்றது. அதை மறைத்துப் பேசுதல் தகாது.

பிரசாவுரிமை பற்றி 1948இல் வந்த மசோதாக்கள் இரண்டு. முதலாவது, ஆகஸ்ட் மாதத்தில் நிறைவேறிய இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம். இதன்படி இலங்கையிற் பிறந்தமை மட்டும் ஒருவரைப் பிரசையாக்காது. அவர் தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். தோட்டத்து இலயன் காம்பராவிற் பிறந்து, தோட்டத்திலேயே கொழுந்தெடுத்து வாழ்ந்த ஒருவர் தம் தந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்து, இலங்கை இந்தியர் காங்கிரசின் வேட்பாளர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அதே மக்கள், ஓராண்டு கழிந்ததும் நாடற்றவராக்கப்பட்டனர். வேறு பல தொகுதிகளில் அவர்களின் வாக்கு இடதுசாரிகளுக்கு உதவியதும் அரசாங்கத்தின் மனத்தை உறுத்தியது.

இந்த முதலாவது மசோதாவுக்குச் சுந்தரலிங்கம் ஆதரவாகவே வாக்களித்தார். மந்திரி சிற்றம்பலமும் அவ்வாறே செய்தார். எதிர்த்து வாக்களித்தவர்கள் தமிழ்க் காங்கிரசார், இடதுசாரிகள், மலைநாட்டு அங்கத்தவர்கள்.

பின்னர் காட்சி மாறிற்று. செப்டெம்பரிலே பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் மந்திரியாக அரசாங்கத்திற் சேர்ந்தார். டிசம்பரில் இரண்டாவது மசோதா வந்தபோது, ஆகஸ்டில் எதிர்த்தவர் ஆதரித்து வாக்களித்தார். ஆகஸ்டில் ஆதரித்தவர் எழுந்து வெளியே போனார். நாடகாசிரியன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறதென்று நாம் குறை சொல்லுவோம். பொன்னம்பலத்தோடு செல்ல மறுத்த செல்வநாயகம், வன்னியசிங்கம் ஆகியோர் பிரிந்து, மறு ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். அந்தப் பிரிவின் கதையை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதே விவாதத்தில் மந்திரி பதவியையே பறிகொடுத்த மற்றவரைப் பற்றிக் கேட்பது குறைவு. ஏனெனில் அவருக்குப் பின்னால் ஒரு கட்சி இருக்கவில்லை.

ஆகஸ்டில் இணங்கியவர் டிசம்பரில் ஏன் இணங்கவில்லை? முதலாவது சட்டம் பொதுச் சட்டம், இந்தியருக்கு வழிவகுக்கத் தனிச் சட்டம் ஒன்று பின்னர் வரும் என்பதே அரசாங்கத்தின் வாதமாயிருந்தது. அந்தத் தனிச் சட்டந்தான் டிசம்பரில் வந்தது. வந்தபோது அதில் இருந்தவை என்ன? விவாகமானவர் ஏழாண்டும், விவாகமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வசித்திருத்தல் வேண்டும். 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன்னரே அந்தக் காலம் நிறைந்திருத்தல் வேண்டும். இரண்டாண்டுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். இவற்றையெல்லாம் எழுத்தறியாத ஒரு தொழிலாளி பத்திரங்கள் காட்டி நிரூபித்தல் வேண்டும். திறக்கப்படும் என்று சொன்ன கதவு ஊசிக் காதளவே திறந்தது. அதைக் கண்ட பின்னும் அரசாங்கத்தோடு இருந்தவர்கள் இருந்தார்கள், சுந்தரலிங்கம் இருக்கவில்லை. முதலாவது மசோதாவுக்கு அவர் அளித்த வாக்கை இது அழித்துவிடாது. ஆனால் ஒருவர் தாம் செய்த தவற்றுக்கு விலையாக மந்திரி பதவியைக் கொடுத்தல் நம் நாட்டில் நாளும் நிகழ்வதன்று.

பின்விளைவைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரசாவுரிமை கிடைத்தது 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவினருக்கே. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை எண்ணிப் பங்கிட்டது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீந்த ஒன்றரை இலட்சம் பேர் விடயம் பிறகு பார்க்கப்படும் என்று. சரக்குக் கணக்கைப் போல இருக்கிறதல்லவா? இறுதியாக எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டில். அன்று சபையிலிருந்து ஒரு மந்திரி வெளிநடந்து 55 ஆண்டுகள் ஆகிவிட்டன.

பதவியை விட்டபின் சுந்தரலிங்கம் வேறொருவராகிவிட்டார். டி. எஸ். சேனநாயக்காவின் நண்பர் என்று அறியப்பட்டவர், பெரும்பான்மை அரசியலின் ஓயாத எதிரியானார். 1948 சனவரியிலே, கண்டி மன்னனின் சிங்கக் கொடியே தேசியக் கொடியாதல் வேண்டும் என்ற பிரேரணையை மட்டக்களப்பு அங்கத்தவர் சின்னலெப்பை பாராளுமன்றத்தில் கொண்டுவந்திருந்தார். பின்னர் அமைந்த கொடிக் குழு, சிங்கத்தின் பக்கத்தில் முஸ்லிம்களுக்காகப் பச்சையும் தமிழருக்காகச் செம்மஞ்சளும் சேர்த்து இரு பட்டிகளை இட்டது. குழுவில் இருந்த செனற்றர் நடேசன் அதற்கு இணங்கவில்லை. பாராளுமன்றம் 1951 மார்ச்சில் அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டிலே கொடியை எதிர்த்துச் சுந்தரலிங்கம் தம் ஆசனத்தைத் துறந்தார். இடைத் தேர்தலில் வவுனியா மக்கள் அவரையே திரும்ப அனுப்பினர். 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் அவரே. 1955இல், சிங்களம் மட்டும் என்ற முழக்கம் எழுந்தபோது, அதனை எதிர்த்து மறுபடியும் ஆசனத்தை இழந்தார். மறுபடியும் அவரே வந்தார். சபையினுள்ளே பேசுவதிலும் பார்க்க, ஆசனத்தைக் காலிசெய்து காட்டுவதே வலிய பேச்சு என்று அவர் கருதினார் போலும். வவுனியா வாக்காளரின் பொறுமையையும் மெச்சத்தான் வேண்டும்.

1956 ஜூனில் அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறிற்று. தமிழரசுக் கட்சியினர் காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டனர். அக் கட்சி கேட்டது சமஷ்டி. சுந்தரலிங்கம் அதற்கு ஒரு படி அப்பாற் சென்றார். தமிழர்க்குத் தனி நாடே வழி என்று வெளிப்படையாகச் சொன்னார்; அதற்கு ஈழம் என்று பெயரிட்டார். பிரதம மந்திரி பண்டாரநாயக்காவுக்குக் கடிதங்கள் எழுதினார். அன்று பலர் அதனை ஒரு முதிய பேராசிரியரின் விசித்திரம் என்றே கொண்டனர். 1959இல் ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணி என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் தா. சிவசிதம்பரம் அவரை வவுனியாவிலேயே தோற்கடித்தார். அதன்பின் அவர் பாராளுமன்றம் புகவில்லை. 1967இல் தம் கடிதங்களையும் அறிக்கைகளையும் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார்; ஈழ சுதந்திரப் போராட்டத்தின் தொடக்கம் என்பது அதன் தலைப்பின் கருத்து.

இவ்விடத்தில் ஒருகணம் 1936ஐ நினைத்துப் பாருங்கள். ஏழு குழுக்களிலும் ஐந்தைந்து பேரை இருத்திப் பெரும்பான்மையின் பலத்தைக் கணக்கிட்டுக் காட்டினார் என்று சொல்லப்படும் அதே மனிதர், இருபதாண்டுகளின் பின், அந்தப் பெரும்பான்மையோடு ஒரே சபையில் இருப்பதே இயலாது என்ற முடிவுக்கு வருகிறார். அவரது இரண்டாவது முடிவு முதலாவது கணக்கின் விடைதானோ?

இனி மாவிட்டபுரம்.

யாழ்ப்பாணத்தில் ஆலயப் பிரவேசமும் தேநீர்க்கடைப் பிரவேசமும் 1960களில் பெரும் போராட்டங்களாக எழுந்தன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கோயிலுக்குள் புகவிடாது தடுப்பதைக் குற்றமாக்கியிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. கோயிற் கதவுகள் இருந்தபடியே இருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றது. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவ காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டுக் கோயில் வாசலில் அமர்ந்தனர். அவர்களைத் தடுத்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் அடங்காத் தமிழர் சுந்தரலிங்கம். அப்பொழுது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

ஆகம விதி, பரம்பரை வழக்கம் என்பவை அவர் பக்கத்து வாதங்கள். பிறந்த மண்ணில் ஒரு சாராரின் உரிமையைச் சட்டத்தால் மறுத்தபோது மந்திரி பதவியை விட்டெழுந்தவர், யாழ்ப்பாணத்தில் தம் சொந்த இனத்தாருள் ஒரு சாராரின் உரிமையை மறுக்கத் தாமே வாசலில் நின்றார். மலைநாட்டில் நாடற்றவராக்கப்பட்ட தொழிலாளருட் பெரும்பாலோர் யாரென்றால், தமிழகத்தில் இதே வகையான கோயில் வாசல்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த குலங்களின் வழிவந்தோரே. இதை அவர் உணர்ந்தாரா? உணர்ந்தார் என்று காட்டும் செயல் எதனையும் அவர் வாழ்வில் நாம் காணவில்லை. கணிதத்திலே ஒரு வாய்பாட்டை ஓரிடத்திற் பிரயோகித்து மற்றோரிடத்தில் விட்டுவிட்டால் விடை பிழைத்துவிடும் என்பதை மாணவர்க்குக் கற்பித்தவர் அவர்.

அச் சட்டத்தின் கீழ்ப் பொலிசார் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. அவர் விட்டாரல்லர். இலண்டனிலுள்ள பிரிவுக் கவுன்சில் வரை அந்த வழக்கைக் கொண்டு சென்றார். தம் கட்சிக்காரர்கள் கைவிட்டாலும், உலகமே எதிர்த்தாலும் கடைசிப் படிவரை ஏறிப் பார்க்கும் அதே பிடிவாதம் இங்கும். 1948இல் நாம் போற்றுகின்ற குணமும் 1968இல் நாம் வெறுக்கின்ற குணமும் வெவ்வேறு குணங்களல்ல, ஒன்றேதான்.

வெளியே நின்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுந்தரலிங்கத்தின் பெயர் பாராளுமன்ற அறிக்கைகளிலும் நீதிமன்ற ஏடுகளிலும் பதிவாகியிருக்கின்றது. அன்று அந்தத் தேர் வீதியில் வெயிலில் அமர்ந்திருந்த ஆண்கள் பெண்களின் பெயர்களுட் பெரும்பாலானவை எவ்விடத்தும் பதிவாகவில்லை. வரலாறு எழுதுவோர் மந்திரிகளின் பின்னாலேயே ஓடுகின்றனர் என்ற குறை இந்தப் பேச்சுக்கும் பொருந்தும்.

மாவிட்டபுரம் காங்கேசன்துறைத் தொகுதியைச் சேர்ந்தது. செல்வநாயகம் அவர்களின் தொகுதி. 1970ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அங்கே அவரை எதிர்த்துத் தனி நாட்டுக் கோரிக்கையை முன்வைத்துச் சுந்தரலிங்கம் போட்டியிட்டார். தமிழ் வாக்காளர் அதை ஏற்கவில்லை, செல்வநாயகமே வென்றார். ஊர்காவற்றுறையில் தமிழர் சுயாட்சிக் கழகத்தின் நவரத்தினமும் தோற்றார். தமிழ் மக்கள் பிரிவினையை நிராகரித்துவிட்டனர் என்று அன்று கூறப்பட்டது. அது உண்மையும் ஆகும். ஆறாண்டுகளின் பின், 1976 மே 14ஆந் திகதி, வட்டுக்கோட்டைத் தொகுதியிலே கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாடு தனி நாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தலைமை தாங்கியவர் செல்வநாயகம். 1970இல் எவரைத் தோற்கடித்தாரோ, அவரது கோரிக்கையே 1976இல் அவரது கோரிக்கையாயிற்று. இடையில் வந்தது 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு.

சுந்தரலிங்கம் 1985 பெப்ரவரியில், தமது எண்பத்தொன்பதாவது வயதில் மறைந்தார். தனி நாடு கோருவதைத் தடைசெய்யும் ஆறாவது திருத்தம் அதற்கு ஒன்றரை ஆண்டின் முன்பே சட்டமாகியிருந்தது. அவர் மும்முறை நான்முறை வென்றும் துறந்தும் விளையாடிய பாராளுமன்ற ஆசனத்தில் அமர, அதன்பின் ஒருவர் அத்தகைய கோரிக்கையை ஆதரிப்பதில்லையென்று சத்தியஞ் செய்ய வேண்டும். வவுனியாவில் அப்பொழுது யுத்தம் தொடங்கிவிட்டது. 1936ஆம் ஆண்டின் ஏழு மந்திரிகளில் ஒருவரும் அன்று உயிரோடு இல்லை.